சோத்தாங்கைப் பக்கம்

"எது வலம், எது இடம்னு நீங்கதானுங்க சொல்லோணும்," என்றாள் பாவாயி.

சின்னம்மை பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

"சோத்தாங்கைப் பக்கம் வலம். பீச்சாங்கைப் பக்கம் இடம்."

"அது எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சதைக் கேட்டா தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும், அக்கா."

பாவாயிக்கு ஐம்பத்து நான்கு வயது. சின்னம்மைக்கு முப்பத்திரண்டு. ஆனாலும் பாவாயி நின்றுகொண்டிருந்தாள், சின்னம்மை உட்கார்ந்திருந்தாள்.

அது கணவாயின் உச்சி. கிழக்கே இறங்கினால் தமிழ். மேற்கே இறங்கினால் மலையாளம். நடுவில் ஒரு கல்விளக்கு, ஓர் அரசமரம், ஒரு சுனை, சின்னம்மையின் தண்ணீர்ப்பந்தல். ஏறி வருகிறவர்களுக்கு அவள் மோர் கொடுத்தாள். அவளை ஞானி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் தங்கள் ஊரில் தீராததை இரண்டு பக்கத்துக்காரர்களும் அங்கேதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன நடந்துச்சு?" என்றாள் சின்னம்மை.

"எம் மக மயிலாத்தாளை மேற்கே புளியங்கடவுல குடுத்தேன். ரெண்டு வருசம் ஆச்சுங்க. கல்யாணத்தன்னைக்குச் சாயங்காலம் அவங்க பொம்பளைங்களும் எங்க பொம்பளைங்களும் குத்துவிளக்கைச் சுத்தி ஒண்ணா நின்னோம். எங்களுது கும்மி. அவங்களுது கைகொட்டிக்களி. ரெண்டும் கைதட்டுத்தானே, சேர்ந்தே ஆடலாம்னு நாந்தான் சொன்னேன்."

"நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க."

"நாந்தான் பாட்டெடுத்தேன். 'வலம் வாங்க'ன்னு குரல் குடுத்தேன். எங்காளுங்க வலம் வந்தாங்க. அவங்க இடம் வந்தாங்க."

"பொறவு?"

"பொறவென்ன? மூஞ்சியும் மூஞ்சியும் முட்டுச்சு. ஒருத்தி மூக்குத்தி இன்னொருத்தி முந்தானையில மாட்டிக்கிச்சு. அவளை இழுத்தா இவ அழறா. இவளை இழுத்தா அவ அழறா. நடுவுல எங்க சம்பந்தியம்மா நாணிக்குட்டி போயி விளக்கு மேல விழுந்தாங்க. விளக்கு சாஞ்சு அணைஞ்சு போச்சு."

சின்னம்மை பானைக்குள் தலையை விட்டு உள்ளே தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

"சிரிங்க," என்றாள் பாவாயி. "எனக்குத்தான் சிரிப்பு வரல. சாவு வீட்லதானுங்க இடம் சுத்துவாங்க. கல்யாணத்துல சாவுச் சுத்து சுத்திப் போட்டீங்களேன்னு நான் கேட்டேன். அதே வார்த்தையை அவங்க எங்களைக் கேட்டாங்க."

சின்னம்மை பானையிலிருந்து தலையை எடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அன்னைக்கு மேற்கே எறங்கிப் போன புள்ளையை இன்னும் அனுப்பல. தலைப்பிரசவத்துக்குக்கூட அனுப்பல. அங்கயே பெத்தா. பொம்பளைப் புள்ளை. அஞ்சு மாசம் ஆகுது. அம்முன்னு பேராம். அந்தப் பேரு மட்டுந்தான் கணவாயைத் தாண்டி வந்துச்சு."

பாவாயி மூக்கைச் சிந்தினாள்.

"இப்பச் சொல்லி அனுப்பியிருக்காங்க. பௌர்ணமிக்குக் கல்விளக்கு ஏத்த ரெண்டு ஊரும் மேல வருதில்லீங்களா? அன்னைக்கு விளக்கு முன்னால நின்னு, 'நாங்கதான் இடம் போனோம்'னு நான் சொல்லோணுமாம். சொல்லிட்டா மகளும் பேத்தியும் ஒரு மாசம் எங்கூட வருவாங்களாம்."

"சொல்லிடுங்க. ஒரு சொல்லுதானே."

"எம் மக கல்யாணத்துல நானே சாவுச் சுத்து சுத்தினேன்னு சொல்றதுங்களா? அவ காதுல விழற மாதிரி?"

சின்னம்மை கழுவிய பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"பௌர்ணமிக்கு எத்தனை நாள் இருக்கு?"

"இன்னையோட சேர்த்து ஒம்பது."

"சுனையில தண்ணி மொண்டுட்டு வர ஆள் இல்லை. இருக்கீங்களா?"

பாவாயி இருந்தாள்.

*

இரண்டாம் நாள் காலையில் கேட்டாள். "எது வலமுங்க?"

"குடம் நிறைஞ்சுதா?" என்றாள் சின்னம்மை.

மூன்றாம் நாள் கேட்டாள்.

"மோருக்கு உப்புப் போட்டாச்சா?"

நான்காம் நாள் அவள் கேட்கவில்லை. கேட்காததைக் கவனித்ததுபோல் சின்னம்மை தானே சொன்னாள்.

"இன்னைக்கு ஒண்ணும் கேக்கலியே."

"கேட்டா உப்பு, புளின்னுதானே சொல்வீங்க."

"புளி கேக்கவே இல்லையே நான்."

பாவாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு சுனைக்குப் போய்விட்டாள்.

சுனையடியில் நின்றால் புளியங்கடவு தெரியும். வீடுகள் தெரியாது, புகை தெரியும். காலையில் ஏழெட்டுப் புகை எழும். தென்னைக்கூட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் தாமதமாக எழுகிற புகைதான் மகளுடையது என்று பாவாயி முடிவு செய்திருந்தாள். மயிலாத்தாள் சின்ன வயதிலிருந்தே தாமதமாக எழுகிறவள்.

அன்று புகையைப் பார்த்தபடி பாவாயி சொல்லிப் பார்த்தாள்.

"நாங்கதான்..."

தண்ணீர் குடத்தில் நிறைந்து வழிந்தது.

"நாங்கதான் இட..."

மீதி எழுத்து வாயில் வரவில்லை. ஏழு ஊரில் பாவாயி குரல் என்றால் தெரியும். நூறு பேர் கைதட்டுக்கு மேலே ஏறி ஒலிக்கிற குரல். அது ஒரு மெய்யெழுத்தைத் தாண்ட முடியாமல் சுனையடியில் நின்றது.

*

ஆறாம் நாள், கன்னட நாட்டிலிருந்து பொதிமாடு ஓட்டிக்கொண்டு மாதப்பா என்று ஒருவர் வந்தார். ராகி மூட்டைகளை இறக்கி மாட்டை அவிழ்த்துவிட்டு இரண்டு சொம்பு மோர் குடித்தார். மூன்றாவது சொம்பைப் பாவாயி கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங், உங்கூர்ல விளக்கையோ கம்பத்தையோ சுத்தி ஆடறது உண்டுங்களா?"

"ஆடாத ஊர் உண்டா அம்மா?"

"எந்தப் பக்கம் சுத்துவீங்க?"

"ரெண்டு பக்கமும்."

பாவாயி சொம்பைக் கொடுக்க மறந்தாள்.

"கம்பத்து உச்சியில எட்டுக் கயிறு தொங்கும்," என்றார் மாதப்பா. "ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு கோல். நாலு பேர் இப்படி, நாலு பேர் அப்படி. எதிர்ல வர்ற ஒருத்தரை உள்ளே விட்டு, அடுத்தவரை வெளியே விட்டுப் போனா, மேல கயிறு ஜடை மாதிரி பின்னிக்கும். திருப்பி ஆடினா பின்னல் பிரியும்."

"முட்டிக்க மாட்டீங்களா?"

"முட்டாம? எதிர்ல வந்த ஒரு பொண்ணோட கோல் என் மண்டையிலேயே விழுந்துச்சு. ரத்தம். அவங்கப்பா ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். நான் பொண்ணைக் கேட்டேன்."

"குடுத்தாங்களா?"

"பதினெட்டு வருசமா இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்கா. மோரைக் குடுங்க அம்மா."

"எல்லாரும் ஒரே பக்கம் போனா என்னாகும்?"

"கயிறு கம்பத்தைச் சுத்திக்கும். பின்னல் விழாது."

மாதப்பா போனதும் பாவாயி பந்தலுக்குள் ஓடினாள்.

"கேட்டீங்களா? ரெண்டு பக்கமும் போகலாமாம்!"

"அவங்க ஊர்ல," என்றாள் சின்னம்மை.

"அப்ப எங்கூர்ல?"

"உங்கூர்ல கயிறு இல்லையே."

பாவாயி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு இரண்டாவது குடம் தண்ணீர் வரவில்லை. சின்னம்மை தானே போய் எடுத்து வந்தாள்.

*

ஒன்பதாம் நாள். பௌர்ணமி.

வெயில் ஏறும்போதே சின்னம்மை கல்விளக்கைக் கழுவிவிட்டாள். இடுப்பளவு உயரத் தூண், தலையில் ஒரு குழி. பிறகு பந்தலுக்குள் போய் ஒரு நூல்கண்டை எடுத்துவந்தாள். யாரோ ஒரு நெசவுக்காரர் விட்டுப்போனது. பருத்தி நூல்.

ஒரு முனையைத் தூணின் கழுத்தில் கட்டினாள். நூலை நீளமாக விட்டு, மறுமுனையைப் பாவாயியின் இடுப்பில் கட்டினாள்.

"மாட்டைக் கட்டற மாதிரி கட்டறீங்களே."

"மாடு கேள்வி கேக்காது. கல்விளக்கை வலம் வாங்க. ஒம்பது சுத்து."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாவாயி கையைக் கூப்பினாள். கோயிலில் சாமியைச் சுற்றுவதுபோல, தூணைத் தன் வலக்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தாள். சுனைப் பக்கமிருந்து அரசமரத்துப் பக்கமாக. சுற்றச் சுற்ற நூல் தூணில் ஏறியது. கல் அவளை நெருங்கி வந்தது. ஒன்பதாவது சுற்றில் கைநீட்டித் தொடும் தூரத்தில் நின்றாள்.

"இப்ப ஆடுங்க," என்றாள் சின்னம்மை.

"தனியாவா?"

"கல்யாணத்துல ஆடின அதே கும்மி. அதே வலம். ஒம்பது சுத்து."

பாவாயி தூணைப் பார்த்து நின்றாள். கும்மிக்கு விளக்கைப் பார்த்துத்தான் நிற்பார்கள். முந்தானையைச் செருகினாள். குரலெடுத்தாள். குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு. வலது காலைத் தூக்கி வலது பக்கம் வைத்தாள். இடது கால் வந்து சேர்ந்தது. மறுபடி வலது கால். அவள் அம்மா வைத்த கால். அம்மாவைப் பெற்றவள் வைத்த கால்.

நான்காம் சுற்றில் காலில் ஏதோ இடறியது.

நூல்.

பாவாயி பாட்டை நிறுத்தவில்லை. ஆட ஆட நூல் நீண்டுகொண்டே வந்தது. ஒன்பதாம் சுற்று முடிந்தபோது தூணில் ஒரு சுற்றுக்கூட மிச்சமில்லை. நூல் முழுக்கத் தரையில் துவண்டு கிடந்தது.

"அவுந்து போச்சுங்க. நல்லாக் கட்டலியா?"

"முடிச்சைப் பாருங்க."

பாவாயி பார்த்தாள். முடிச்சு அப்படியே இருந்தது.

மறுபடி வலம் நடந்தாள். நூல் சுற்றியது. மறுபடி வலம் ஆடினாள். நூல் பிரிந்தது.

மூன்றாம் முறை மிக மெதுவாகச் செய்தாள். ஒவ்வொரு அடியிலும் தன் காலையே பார்த்தாள், யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோல. நூல் சுற்றியது. நூல் பிரிந்தது.

தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டும் வலந்தானுங்க," என்றாள்.

சின்னம்மை தூணின் கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தாள்.

"நடந்தா சாமி சோத்தாங்கைப் பக்கம் இருக்கோணும். அது வலம். ஆடினா சோத்தாங்கைப் பக்கம் கால் வெக்கோணும். அதுவும் வலம். அவங்க விளக்கைச் சுத்தி நடந்துக்கிட்டே ஆடறவங்க. நாங்க விளக்கைப் பார்த்து நின்னு ஆடறவங்க. நான் 'வலம் வாங்க'ன்னு கத்தினேன். அவங்க கேட்டாங்க. கேட்டபடிதான் வந்தாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறொன்றாக மாறியது.

"அவங்க பாஷையிலயும் அது வலந்தானுங்க. புரியாத சொல்லா இருந்தா, என்னன்னு நின்னு கேட்டிருப்பாங்க."

சின்னம்மை அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

பாவாயி துள்ளி எழுந்தாள். "இது போதுமுங்க! அந்த நூலைக் குடுங்க. அவங்க வந்ததும் இதே மாதிரி சுத்திக் காட்டிப் போடறேன். எங்க மேல தப்பில்லைன்னு கண்ணால பார்க்கட்டும்."

சின்னம்மை நூலை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்து உள்ளங்கையில் வைத்து முறுக்கினாள். கல்விளக்கின் குழியில் போட்டு எண்ணெய் ஊற்றினாள்.

"ஏனுங்க! என்ன பண்ணிப் போட்டீங்க?"

"திரி இல்லை."

"எங்கிட்ட இருந்த ஒரே சாட்சி அதுதானுங்களே!"

சின்னம்மை எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள்.

"சரி, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு என்ன பண்ண? ரெண்டும் வலம்னா எந்த வலத்தை நான் விடறது?"

"திரும்புங்க," என்றாள் சின்னம்மை.

பாவாயியின் முகம் விழுந்தது.

"ஊருக்குத் திரும்பச் சொல்றீங்களா? இன்னைக்கா? எம் மக வர்ற அன்னைக்கா?"

சின்னம்மை மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டாள்.

ஒன்பது நாள் தண்ணீர் சுமந்த தோள் வலித்தது. பாவாயி மாற்றுச்சேலையை மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கு வழியில் நடந்தாள். இருபது அடி போயிருப்பாள். கீழேயிருந்து அவள் ஊர்ப் பெண்கள் பூக்கூடைகளோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் அவள் நாத்தனார் பழனாத்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க, பாட்டுக்காரி இல்லாம நாங்க என்ன ஊமைக்கும்மியா அடிக்கறது?"

அவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டே மேலே வந்தார்கள்.

*

மேற்கு வழியிலும் வளையல் சத்தம் கேட்டது.

பொன்கரை போட்ட கசவு முண்டு உடுத்திய பெண்கள் பதினாறு பேர். முன்னால் நாணிக்குட்டி. கடைசியில், கொஞ்சம் பின்தங்கி, மயிலாத்தாள். இடுப்பில் குழந்தை.

பாவாயி குழந்தையின் காலைத்தான் முதலில் பார்த்தாள். கொழுகொழுவென்று இருந்தது. ஒரு காலில் மட்டும் கொலுசு.

மயிலாத்தாள் அரசமரத்தடியில் நின்றுவிட்டாள். அதற்கு மேல் வரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருப்பார்கள் போலும். அம்மாவைப் பார்த்தாள். உடனே குழந்தையின் தலைமுடியைச் சரிசெய்யத் தொடங்கினாள். சரிசெய்ய அங்கே முடி அதிகம் இல்லை.

"சொல்ல வந்ததைச் சொல்லு, சம்பந்தி," என்றாள் நாணிக்குட்டி. "பிள்ளைக்குப் பசிக்கும்."

பாவாயி வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

"ஒரு சுத்து ஆடிட்டுச் சொல்றேனே," என்றாள்.

நாணிக்குட்டி தன் ஆட்களைப் பார்த்தாள். பாவாயியின் தொண்டையைப் பார்த்தாள்.

"ஒரு சுத்து. அதில் கூடுதல் வேண்டா."

விளக்கை ஏற்றினார்கள். நூல்திரி நன்றாக எரிந்தது.

இந்தமுறை யாரும் யாரோடும் கலக்கவில்லை. பாவாயியின் ஊர்ப் பெண்கள் விளக்கையொட்டி உள்வட்டமாக நின்றார்கள், விளக்கைப் பார்த்து. புளியங்கடவுப் பெண்கள் வெளியே பெரிய வட்டமாக நின்றார்கள், விளக்கு வலக்கைப் பக்கம் வரும்படி.

பாவாயி குனிந்து பார்த்தாள். தன் பெண்களின் வலது கால்கள் எல்லாம் சுனைப் பக்கம் போகத் தயாராக இருந்தன. வெளிவட்டத்தின் கால்கள் எல்லாம் அரசமரத்துப் பக்கம்.

அவளுக்கு விளக்கு தெரிந்தது. விளக்குக்கு அந்தப்புறம் பழனாத்தாள் முகம் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் பதினாறு பேர் மூச்சுவிடுவது கேட்டது. ஒரு முகமும் தெரியவில்லை. கல்யாணத்தன்றும் ஒரு முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

திரும்புங்க என்று சின்னம்மை சொன்னது ஊருக்கு அல்ல.

பாவாயி நின்ற நிலையிலேயே திரும்பினாள்.

நேர் எதிரே நாணிக்குட்டி.

பாவாயி தன் வலக்கையைப் பார்த்தாள். இதுவரை சுனைப் பக்கம் இருந்த கை இப்போது அரசமரத்துப் பக்கம் இருந்தது. அதே கை. அதே சோத்தாங்கை.

"ஏனுங்க நங்கை, விளக்குக்கு முதுகு காட்டறதா?" பழனாத்தாள் பின்னாலிருந்து பதறினாள்.

"விளக்கு கோவிச்சுக்காது. எல்லாரும் திரும்புங்கடி."

"அப்புறம் காலு?"

"காலை மாத்தாதீங்க. உங்கம்மா வெச்ச காலையே வைங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். திரும்பிய ஒவ்வொருத்திக்கும் எதிரே ஒரு முகம் இருந்தது. ஒருத்தி இன்னொருத்தியின் மூக்குத்தியைப் பார்த்துத் தன் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிரே இருந்தவள் சிரித்துவிட்டாள்.

பாவாயி குரலெடுத்தாள். ஏழு ஊருக்குத் தெரிந்த குரல்.

"வலம் வாங்க!"

உள்வட்டம் வலது காலை வலது பக்கம் வைத்தது.

வெளிவட்டம் விளக்கை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தது.

யாரும் முட்டவில்லை. இரண்டு வட்டமும் அரசமரத்தை நோக்கிச் சேர்ந்தே போயின. கை கொட்டுவதற்காக வெளிவட்டம் உள்பக்கம் திரும்பியபோது உள்வட்டம் அங்கே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாக் கையும் ஒரே சத்தம்.

நாணிக்குட்டியின் கொட்டு ஒன்று தவறியது. அவள் பாவாயியின் காலைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். தன் வலக்கையைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள். பிறகு தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பாவாயியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு சுற்று முடிந்தது.

பாட்டு நின்றது. வளையல்கள் நின்றன. எல்லோரும் பாவாயியைப் பார்த்தார்கள்.

அவள் சொல்ல வாயெடுத்தாள்.

நாணிக்குட்டி கையமர்த்தினாள். வட்டத்தில் ஓர் அடி தள்ளி நின்றாள். அரசமரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மயிலே, பிள்ளையோட ஓடி வா. நின் அம்மைக்கு நேரே இடமுண்டு."